பழைய குட்டி யானை: வாங்கும்போது கண், ஓட்டும்போது இடது கால்

பழைய லோடு வண்டி பார்க்கப் போனால் நான் நேராகப் பின்பக்கம் போய்த் தொட்டிக் கதவைத் திறப்பேன். விற்பவருக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்ட அவசரம். "ஒரே செல்ஃப்ல எடுக்கும் பாருங்கண்ணே" என்பார். எடுக்கட்டும், அதற்கு நேரம் இருக்கிறது. பெயிண்ட் அடித்து, சீட் கவர் மாற்றி, இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். இத்தனை வருஷம் அந்த வண்டி எதைச் சுமந்தது என்பதை மட்டும் தொட்டியின் தரையில் முழுக்க மறைக்க முடியாது.

தகரம் ஆங்காங்கே குழி விழுந்து, பக்கத் தகடுகள் வெளியே பிதுங்கியிருந்தால் செங்கல், ஜல்லி, சென்ட்ரிங் சாமான் ஏற்றிய வண்டி. அளவுக்கு மேல் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். தரையில் வட்ட வட்டமாகத் தேய்ந்த தடம் இருந்தால் தண்ணீர் கேன் அல்லது கேஸ் சிலிண்டர். இந்த வண்டியின் கிலோமீட்டர் குறைவாக இருக்கும், விற்பவரும் அதைத்தான் பெருமையாகச் சொல்வார். ஆனால் கேன் வண்டி தெருவுக்கு இருபது முறை நின்று கிளம்பும். அதன் 40,000 கிலோமீட்டரில் கிளட்ச் பட்ட பாடு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து இரவில் காய்கறி ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரில் பட்டிருக்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மற்றவை எல்லாம் சமமாக இருக்கும் பட்சத்தில், நான் காய்கறி வண்டியை எடுப்பேன்.

மீன் ஏற்றிய வண்டியை நான் எடுக்கமாட்டேன். என் முதல் வண்டி அப்படிப்பட்டது. தொட்டிக்குப் புதுத் தகரம் போட்டு, அடியில் பளபளவென்று கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். புதுத் தகரத்தைப் பார்த்து, நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்து வாங்கினேன். ஏழாவது மாதம், பாதி லோடில் வந்துகொண்டிருந்தபோது பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட் சேஸிஸிலிருந்து பிய்ந்துகொண்டு வந்தது. ஐஸ் கரைந்து வடிந்த உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவே தங்கி, இரும்பை அப்பளம்போல் ஆக்கியிருந்தது. மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார், ஓட்டை விழுந்தது. அன்றிலிருந்து ஒரு சின்னச் சுத்தியல் இல்லாமல் வண்டி பார்க்கப் போவதில்லை. பெயிண்டுக்கு மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். துரு தின்ற இடம் மண்சட்டியைத் தட்டியதுபோல் 'தொப்' என்னும். பழைய வண்டியில் தொட்டிக்குப் புதுத் தகரம் போட்டிருந்தால் தவறில்லை. பழைய தகரம் ஏன் போனது என்று கேளுங்கள், பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள்.

எந்த வண்டி என்பதை உங்கள் லோடுதான் முடிவு செய்ய வேண்டும். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் கொண்ட டீசல் இன்ஜின். டர்போ கிடையாது. மூன்று சக்கர லோடு ஆட்டோவை விட்டால் பெரிய வேன்தான் என்றிருந்த காலத்தில் சந்துக்குள் நுழையும் நான்கு சக்கர வண்டியாக வந்தது. தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்து, இன்று எந்தக் கம்பெனியின் சின்ன லோடு வண்டியையும் அப்படியே கூப்பிடுகிறது. முக்கால் டன்னுக்குள், ஊருக்குள் ஓட்டம் என்றால் அது போதும். ஒன்றேகால் டன் என்றால் 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் அல்லது மகிந்திரா பொலிரோ பிக்கப் பாருங்கள். மேடு பள்ளமான மண்பாதைக்குப் பொலிரோவின் உயரமும் இன்ஜின் இழுவையும் கைகொடுக்கும். முக்கால் டன் வண்டியை மலிவாக வாங்கி ஒன்றரை டன் ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். முன்னால் வைத்திருந்தவரும் அதே கணக்குப் போட்டதால்தான் பல வண்டிகள் விற்பனைக்கே வருகின்றன.

அந்தக் கணக்கின் தடயம் அடியில் கிடைக்கும். ஒரு பழைய சாக்கை விரித்துப் படுத்துப் பாருங்கள். பின் சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டைகளை இரண்டு பக்கமும் எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால் ஓவர்லோடு ஓடிய வண்டி, சந்தேகமே வேண்டாம். ஒரு பக்கம் துருப்பிடித்த பட்டையும் மறுபக்கம் புதுப் பட்டையும் இருந்தால் சமீபத்தில் உடைந்திருக்கிறது. சேஸிஸ் நீளத்துக்கும் கையை ஓடவிடுங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக இருக்கும். பட்டறை வெல்டிங் கட்டி கட்டியாக விரலில் தட்டுப்படும். ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் அடித்த சேஸிஸ் என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இன்ஜினை இறக்கி வேலை பார்க்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். முறிந்து ஒட்டிய சேஸிஸை நம்பி லோடு ஏற்ற முடியாது.

படுத்திருக்கும்போதே நீளமான ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள். சேரும் இடத்தில் கிராஸ் தேய்ந்திருந்தால் லொடலொடவென்று ஆடும். பின்னால் கிரவுன் ஹவுசிங்கில் ஆயில் கசிவு இருக்கிறதா, பின் டயரின் உள்பக்கம் எண்ணெய் வழிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். டயரில் பட்டன் மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரான டயர். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டோ, கிங்பின்னோ, வண்டி எங்காவது மோதியதோ காரணமாக இருக்கும்.

இனி இன்ஜின். ஒரே ஒரு நிபந்தனை: வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை எடுக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் சீட்டைத் தூக்கி (குட்டி யானையின் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது) கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ எழுப்பிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். வேறொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.

குளிரில் ஸ்டார்ட் ஆனதும் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய டீசலில் முதல் சில விநாடிகள் லேசான வெள்ளைப் புகை வந்து அடங்கலாம். நீலம் கலந்து நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. அழுத்தும்போதெல்லாம் கன்னங்கரேலென்று கக்கினால் இன்ஜெக்டரோ பம்ப்போ, சில சமயம் வெறும் ஏர் ஃபில்டர் அடைப்போ. சூடேறிய பிறகும் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வெள்ளையாகப் புகைத்தால் ஹெட் கேஸ்கெட் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து அதே வாயில் வையுங்கள். நல்ல இன்ஜினில் மூடி லேசாக நடுங்கி அப்படியே கிடக்கும். உள்ளேயிருந்து குபுகுபுவென்று காற்றும் புகையும் தள்ளி மூடி துள்ளினால், ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. இன்ஜின் வேலை செலவை ஒரு மெக்கானிக்கிடம் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்காத வண்டியை வாங்கவே கூடாது. ஓட்டும்போது முதலில் உங்கள் காதுக்கு வேலை. நியூட்ரலில் நிறுத்தி கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் 'கிர்ர்' என்று புதிதாக ஒரு சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங் போயிருக்கிறது. மிதித்ததும் ஏற்கெனவே இருந்த சத்தம் நின்றால் கியர்பாக்ஸுக்குள் பேரிங் தேய்மானம். பின்னது செலவு அதிகம். கிளட்ச் பிளேட்டின் நிலைமை தெரிய, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, மூன்றாம் கியர் போட்டுக் கிளட்சை மெதுவாக விடுங்கள். பிளேட் நன்றாக இருந்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. இதை ஒரு முறை செய்தால் போதும், அடுத்தவர் வண்டியைத் திரும்பத் திரும்பச் சோதித்துக் கெடுக்க வேண்டாம். சாலையில் போகும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குங்கள், கரகரவென்று அரைத்தால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. வேகத்திலிருந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டுப் பாருங்கள், கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அந்தக் கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை நான் ஒரு தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கி, ஸ்டீயரிங் வளையம் வழுவழுத்து, டிரைவர் சீட் ஒரு பக்கம் சரிந்திருக்கும் வண்டி 35,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் அந்த மூன்றும் பொய் சொல்லவில்லை.

வண்டி பிடித்துவிட்டது. இப்போது அட்வான்ஸ் கொடுக்கக் கை துறுதுறுக்கும். காகிதம் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எதுவரை என்பதும், ஃபைனான்ஸ் பாக்கி பதிவில் நிற்கிறதா என்பதும் தெரியும். இ-சலான் பாக்கிகளையும் அதேபோல் பாருங்கள். ஃபைனான்ஸ் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. ஃபைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வந்தால்தான் ஆர்.சி.யிலிருந்து அந்தப் பதிவை நீக்க முடியும். வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, இல்லாமல் பேச்சைத் தொடர வேண்டாம்.

எஃப்.சி. தேதியில் ஒரு விஷயம் உண்டு. லோடு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி. முடிய ஒரு மாதம் இருக்கும்போது பல வண்டிகள் சந்தைக்கு வரும். டிங்கரிங், பெயிண்ட், டயர், பிரேக் வேலை என்று வரப்போகும் செலவை வாங்குபவர் தலையில் கட்டுவதுதான் காரணம். எஃப்.சி. எடுத்துக் கொடுங்கள், நீங்கள் கேட்ட விலையைத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வண்டியின் உண்மையான நிலை அந்தப் பதிலில் வந்துவிடும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். முந்தையவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அவரோடு போய்விடும். சில புரோக்கர்கள் தேதி போடாமல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கித் தந்து, "அடுத்து விற்கும்போது மாத்திக்கலாம்" என்பார்கள். மாற்றுக் கட்டணம் மிச்சம் என்று தோன்றும். வண்டி ஓர் ஆளை இடித்துவிட்டால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் நீதிமன்றம் உரிமையாளர் என்று பார்க்கும். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நியாயமான விற்பனையாளர் உங்களைவிட அவசரமாகப் பெயர் மாற்றச் சொல்வார். லைசென்ஸ் பற்றி ஒரு வரி: 7,500 கிலோவுக்குள் மொத்த எடை கொண்ட லோடு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், தனி பேட்ஜ் வேண்டியதில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் ஆயுள் இனி உங்கள் இடது காலில் இருக்கிறது. காரோ பைக்கோ ஓட்டிப் பழகியவர்கள்கூட லோடு வண்டியின் கிளட்சில் தடுமாறுவார்கள். உள்ளே நடப்பது தெரிந்தால் கால் தானாகத் திருந்தும். இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே சிக்கி நிற்கிறது கிளட்ச் பிளேட். மிதித்தால் பிடி தளர்ந்து பிளேட் விடுபடும். முழுதாக விட்டால் இறுகப் பிடிக்கும். பாதியில் வைத்தால் உரசும். உரசும் ஒவ்வொரு விநாடியும் பிளேட் தேய்கிறது. கிளம்புவதற்கு அந்த உரசல் தேவை, வேறு எதற்கும் தேவையில்லை.

காலி மைதானத்தில், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல், முதல் கியர் போட்டு கிளட்சை அங்குலம் அங்குலமாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் தாழ்ந்து, வண்டி மூக்கை லேசாகத் தூக்கும். அதுதான் பிடிக்கும் இடம். அங்கே ஒரு கணம் காலை நிறுத்தினால் டீசல் வண்டி ஐட்லிங்கிலேயே நகர ஆரம்பிக்கும். நகர்ந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். இதை ஐம்பது முறை செய்யுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அந்த இடம் வேறு, பிளேட் தேயத் தேய மேலே ஏறிக்கொண்டும் போகும். வண்டி வாங்கிய முதல் வாரத்தில் அது எந்த உயரத்தில் இருந்தது என்பதைக் கால் ஞாபகத்தில் வைத்திருந்தால், பிளேட் மாற்ற வேண்டிய நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கிளம்பிய பிறகு இடது கால் தரையில் இருக்க வேண்டும். பெடல் மேல் சும்மா வைத்திருக்கும் காலின் எடையே ரிலீஸ் பேரிங்கைத் தேய்க்கப் போதும். சிக்னலில் கியர் போட்டு கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள், நியூட்ரலுக்கு வாருங்கள். காலி வண்டிதானே என்று இரண்டாம் கியரில் கிளம்புவதும் வேண்டாம். முதல் கியர் இருப்பதே கிளம்பத்தான். ரிவர்ஸ் கியரை வண்டி முழுதாக நின்ற பிறகு போடுங்கள். டர்போ உள்ள வண்டியில் நீண்ட ஏற்றமோ வேகமான ஓட்டமோ முடிந்ததும் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். சூடான டர்போ பேரிங்குக்கு அந்த நிமிட ஆயில் ஓட்டம் தேவை.

ஏற்றத்தில் நின்று கிளம்புவதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு நிற்கும், தொட்டியில் லோடு இருக்கும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். முதல் கியர். கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். வண்டி முன்னால் திமிறுவதை உணர்ந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. ஹேண்ட் பிரேக் சரியில்லாத வண்டியில் இதைப் பழகவே முடியாது. அதனால்தான் வாங்கிய மறுநாளே அதன் கேபிளைப் பார்க்கச் சொல்கிறேன். கிளட்சையும் ஆக்ஸிலேட்டரையும் வைத்தே வண்டியை ஏற்றத்தில் தாங்கி நிறுத்துவதைத் திறமையாக நினைப்பவர்கள் உண்டு. எரிந்த பிளேட்டின் வாடை கேபினுக்குள் வருவது அப்படி நிற்கும்போதுதான்.

மலைச் சாலையில் கியரை வண்டி திணறிய பிறகு இறக்கினால் தாமதம். முதல் தலைமுறை ஏஸில் இருப்பது நான்கு கியர், 16 குதிரைத்திறன். வேகம் ஒரு முறை விழுந்தால் மீட்டெடுக்க அதனால் முடியாது. வளைவுக்கு முன்பே இறக்கி, ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடித்து ஏறுங்கள். பாரத்தைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் வருமாறு ஏற்றியிருக்க வேண்டும். கடைசியில் குவித்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் போய்விடும். மழையில் காலி வண்டிக்கு நேர்மாறான ஆபத்து. பின்பக்கம் எடையில்லாததால் பிரேக் அழுத்தினால் வால் வழுக்கிக்கொண்டு வரும். ஈரச் சாலையில் வேகத்தைக் கியரால் குறைத்துவிட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு அழுத்துங்கள்.

இறக்கம்தான் உயிர் சம்பந்தப்பட்டது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36, கொல்லிமலையில் 70. லோடோடு இவற்றில் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன், கெஞ்சாத குறையாகச் சொல்லியும் இருக்கிறேன். நியூட்ரலில் வண்டியைத் தாங்குவது பிரேக் மட்டுமே. தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடேறி, பெடல் இருக்கும், பிடி இருக்காது. இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள், உச்சியில் இறக்கம் தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள். இன்ஜின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம், அது உங்களுக்காக வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக ஒரு முறை பிடித்து விட்டுவிடுங்கள், இடையில் அது ஆறட்டும். குறுகிய இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள். நின்றால் அவருக்குத்தான் கிளம்புவது கஷ்டம்.

முதல் முறை லோடோடு மலை இறங்கி முடித்ததும், அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட்டுவிடாதீர்கள். வலதும் இடதும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. ஒன்று மட்டும் சில்லென்றிருந்தால் அது வேலையே செய்யவில்லை. எது என்று குறித்துக்கொண்டு, அடுத்த லோடு ஏற்றும் முன் மெக்கானிக்கிடம் அந்தச் சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள்.